அழுத்திப் பார்த்தீர்களா?

உங்கள் கைப்பையை ஒரு தடவை கவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். என் பையைக் கொட்டினால் இதெல்லாம் விழும். லேப்டாப் சார்ஜர், அதன் வாலில் சிக்கிய இயர்போன், தலைவலி மாத்திரை, இரண்டு பேனா (இரண்டுமே எழுதாது), மடித்து மடித்துக் கிழிந்த பஸ் டிக்கெட்டுகள். அப்புறம் விரல் நீளத்துக்கு ஒரு சிவப்பு டப்பா. பெப்பர் ஸ்ப்ரே!

நான் வெப் டெவலப்பர். நீங்கள் ஆன்லைனில் புடவை வாங்கும்போது ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள் இல்லையா? அந்தப் பொத்தானையும், அழுத்தியதும் நடக்கவேண்டிய சமாச்சாரங்களையும் செய்து கொடுக்கிற ஆள். பொத்தான்தான் என் பிழைப்பு. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

2016. சென்னையில் வேலை. ஒருநாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ஆபீஸ் கார் என்னை மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டது. சந்துக்குள் கார் திரும்பாது. வீட்டுக்கு இருநூறு அடிதான். பாதி தூரம் போயிருப்பேன், பின்னால் செருப்புச் சத்தம். நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது.

பைக்குள் கையை விட்டேன். முதலில் வந்தது சார்ஜர் ஒயர். ஒருவழியாக டப்பா கிடைத்தது. எடுத்தேன், திரும்பினேன், அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். ம்ஹூம்! கத்தலாம் என்றால் குரலும் வரவில்லை. நல்லவேளையாக, தண்ணீர் மோட்டாரை நிறுத்த வெளியே வந்த ஒரு பெரியவர், "யாரும்மா அங்க?" என்று டார்ச் அடித்தார். செருப்புச் சத்தம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து, லைட்டைப் போட்டு, டப்பாவில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். 'மூடியைத் திருப்பிய பிறகு அழுத்தவும்.' அவ்வளவுதான் விஷயம். இரண்டு வருஷமாகச் சுமந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அழுத்திப் பார்த்ததில்லை. அதைப் பையில் போட்டுக்கொண்டு, நான் பத்திரமாக இருக்கிறேன் என்று நம்பி நடந்திருக்கிறேன்.

பின்னால் வந்தவன் செய்தது தப்பு. அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அன்றைக்கு விடிய விடிய என்னைத் தூங்கவிடாமல் செய்தது அவன் முகம் இல்லை, அந்த மூடி.

*

இதே மூடி என் தொழிலிலும் உண்டு. அங்கே அதன் பெயர் பேக்கப்.

எங்களுக்குத் தினசரி வேலை ஏழெட்டுக் கருவிகளோடு. அதில் ரொம்ப முக்கியமானது 'கிட்'. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதியது. நிரலில் ஒரு வரி மாற்றினாலும் யார் மாற்றியது, எப்போது, எதற்காக என்று குறித்து வைத்துக்கொள்ளும். தப்பாகப் போனால் நேற்றைய நிலைமைக்குத் திரும்பலாம். வாழ்க்கைக்கு இப்படி ஒன்று இல்லையே என்று நாங்கள் ஏங்காத நாள் இல்லை.

'கிட்' கொண்டு எழுதும் நிரல்களைப் பத்திரப்படுத்தித் தருவதையே தொழிலாகச் செய்யும் நிறுவனம் கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர், ராத்திரி வெகுநேரம் சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். துணை சர்வரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, முதன்மை சர்வரின் டேட்டாபேஸை அழிக்கச் சொல்லிவிட்டார். ஓரிரு விநாடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிச்சம்!

சரி, பேக்கப் இருக்குமே? இருந்தது. ஒன்றில்லை, ஐந்து விதமான ஏற்பாடுகள். அவசரத்துக்கு ஒன்றும் உருப்படியாகக் கைகொடுக்கவில்லை. தினமும் எடுத்ததாக நினைத்த பேக்கப்பைத் திறந்தால், உள்ளே ஒன்றுமே இல்லை. இரண்டு மென்பொருள்களின் பதிப்பு ஒத்துப்போகாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. 'தோற்றுவிட்டேன்' என்று சொல்லும் மெயில்களையும் மெயில் சர்வர் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? சுமார் ஆறு மணி நேரம் முன்னால், வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த பிரதி. அந்த இடைப்பட்ட நேரத்துத் தகவல்கள் போனது போனதுதான். நடந்த அத்தனையையும் அவர்கள் ஒளிக்காமல் எழுதி வைத்தார்கள். மீட்கும் வேலையை யூடியூபில் நேரடியாகவே காட்டினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு சலாம்.

நானும் படித்தேன். "அடடா" என்றேன். பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கும் படித்துக் காட்டினேன். என் பேக்கப்பைத் திறந்து பார்த்தேனா? இல்லை.

அடுத்த வருஷம் ஒரு ஜவுளிக்கடையின் இணையதளத்தில் அதே தப்பை நான் செய்தேன். இது சோதனை சர்வர் என்று நினைத்துக்கொண்டு, நிஜத்தில் போய் அழித்தேன். தினமும் ராத்திரி 'பேக்கப் முடிந்தது' என்று எனக்கு மெயில் வந்துகொண்டுதான் இருந்தது. திறந்தால், கடந்த நாலு மாதக் கோப்புகள் எல்லாம் பூஜ்யம். சர்வரில் இடம் நிறைந்துபோயிருக்கிறது. 'முடிந்தது' என்று மெயில் அனுப்பச் சொன்ன மகராசி, நான்தான். எழுதப்பட்டதா என்று பார்க்கச் சொல்லவில்லை.

கடை முதலாளி திட்டவில்லை. பில் புத்தகங்களைக் கட்டாகக் கட்டி மேஜையில் வைத்தார். கார்பன் வைத்து எழுதிய நீலப் பிரதிகள். கடையில் வேலை பார்த்த பெண் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் தட்டச்சு செய்தேன். பதினோரு நாள். நடுவில் ஒருநாள் அந்தப் பெண், "அக்கா, நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்கதானே?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத்தான் பதில் வரவில்லை.

*

2020-ல் வீட்டிலிருந்தே வேலை என்றதும், சொந்த ஊரான புதுக்கோட்டைக்கு வந்துவிட்டேன். ஊரடங்கெல்லாம் அடங்கிய பிறகு, விடிகாலையில் தெருமுனை மைதானத்தில் கம்பு சுற்றும் சத்தம் கேட்டது. விர்... விர்... போய் நின்றேன். எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நடுவில் அறுபது வயதில் வாத்தியார்.

"என்னத்தா, பிள்ளையைச் சேர்க்கணுமா?"

"இல்லைங்க வாத்தியாரே, நான்தான் சேரணும்."

அவர் சிரிக்கவில்லை. மண்ணைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார். கம்பு தருவார் என்று பார்த்தால், தரையில் கோடு போட்டார். காலடி. முன்னே ஒன்று, பக்கத்தில் ஒன்று, திரும்பி ஒன்று. ஒரு மாதம் வெறும் காலடிதான். பொறுக்காமல் கேட்டேன், "கம்பு எப்ப தருவீங்க?"

"கம்பை யாரு வேணா வச்சிருக்கலாம்த்தா. எங்க அப்பத்தா வீட்டுலகூட பரண் மேல ஒண்ணு கிடக்கு. அடி வர்றப்போ நாம நிக்கிற இடத்துல நிக்கக் கூடாது. அதுக்குக் கால்தானே வேணும்?"

பிறகு கம்பும் வந்தது. நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில். உள்ளங்கை கொப்பளித்து, கீபோர்டைத் தொட முடியாமல் இரண்டு நாள் லீவு போட்டேன். ஆனால் எனக்கு உருப்படியாகக் கிடைத்த பாடம் வேறு. ஒருநாள் வாத்தியார், "ஆத்தா, தினம் ரோட்டுல போற மாதிரியே பையை மாட்டிக்கிட்டு, போனைப் பாத்துக்கிட்டு நடந்து வாங்க" என்றார். நடந்தேன். பின்னாலிருந்து ஒரு பையன் பையைப் பிடித்து இழுத்தான். நான் அப்படியே சிலையாக நின்றேன். 2016-ல் நின்ற அதே நிற்பு.

"சத்தம் எங்க? முதல்ல கத்தணும். அப்புறம் ஒதுங்கணும். ஓட வழி இருந்தா ஓடிரணும். அடிக்கிறது எல்லாம் கடைசி. திருப்பி நடங்க."

அன்று இருபது தடவை நடந்தேன். பத்தாவது தடவைதான் குரல் வந்தது. வந்த குரலைக் கேட்டு, மைதானத்து ஓரத்தில் மேய்ந்த ஆடு மிரண்டு ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

*

வருஷத்துக்கு ஒரு தடவை வாத்தியார் எங்களையெல்லாம் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப்போவார். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற சாலையில் சுமார் 16 கிலோமீட்டர். "கால் பழகணும்னா பாறையில நடக்கணும்" என்பது அவர் கட்சி.

மலையின் கிழக்குப் பக்கம் இயற்கையான குகை ஒன்று. பெயர் ஏழடிப்பட்டம். பாறையில் கால் வைக்க வெட்டியிருக்கும் ஏழு படிக்குழிகளால் வந்த பெயர். உள்ளே சமண முனிவர்களுக்காக வழுவழுவென்று செதுக்கிய 17 கற்படுக்கைகள், தலையணை மாதிரி மேடு வைத்து. அவற்றுள் மூத்ததன் ஓரத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழ் பிராமி எழுத்து. இது யாருக்கான இருக்கை, செய்து கொடுத்தது யார் என்று சொல்கிறது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'கிட்' கேட்பதும் அதைத்தானே!

மேற்குச் சரிவில் அறிவர் கோயில். விதானத்தில் தாமரைக் குளம். மீன்கள், யானைகள், பறவைகள், பூப்பறிக்கும் மனிதர்கள். பாதி உதிர்ந்திருந்தாலும், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிப்பது தெரியாது. ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம் என்கிறார்கள். வெளியே பாறையில் ஒரு கல்வெட்டு. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், இந்தக் கோயிலைப் புதுப்பித்து முன்னால் ஒரு மண்டபமும் கட்டினார் என்கிறது அது.

அந்த மண்டபம் பிறகு இடிந்துபோனது. புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில், குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து மறுபடி ஒரு முன்மண்டபம் எழுப்பினார்கள். இப்போது தொல்லியல் துறை காவல் காக்கிறது. கல்லில் குடைந்தது, என்றைக்கும் இருக்கும் என்று யாராவது சும்மா இருந்திருந்தால், அண்ணாந்து பார்க்க எனக்கு எதுவும் மிஞ்சியிருக்குமா தெரியாது. யாரோ ஒருவர் ஒவ்வொரு காலத்திலும் கிட்டே போய், 'இது இன்னும் நிற்கிறதா?' என்று தொட்டுப் பார்த்திருக்கிறார்.

அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும்போது எனக்கு நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, என் பேக்கப் ஒன்றை எடுத்து, வெற்று சர்வரில் இறக்கி, இணையதளம் உயிரோடு எழுந்து வருகிறதா என்று பார்க்கிறேன். இதுவரை மூன்று தடவை எழவில்லை. மூன்று தடவையும் யார் கண்ணிலும் படாமல் சரிசெய்ய நேரம் இருந்தது.

நீங்களும் இந்த வாரம் ஒன்று செய்யுங்களேன். வீட்டில் தீயணைப்பான் இருந்தால் தேதி பாருங்கள். போனில் இருக்கும் போட்டோக்கள் உண்மையிலேயே வேறெங்காவது சேமிப்பாகிறதா என்று திறந்து பாருங்கள். 181 பெண்கள் உதவி எண், 112 அவசர எண். இரண்டும் உங்கள் மகளுக்கு மனப்பாடமா என்று கேளுங்கள். மொட்டைமாடிக்குப் போய் ஒரு தடவை தொண்டை கிழியக் கத்திப் பாருங்கள். குரல் வருகிறதா?

பெப்பர் ஸ்ப்ரே இருந்தால் அதையும் அழுத்திப் பாருங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது டப்பாவை நான் மொட்டைமாடியில் சோதித்தபோது அதைப் பார்க்கவில்லை. வடாம் காயவைக்க மேலே வந்த அம்மாவும் நானும் கால் மணி நேரம் இருமினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள்:

"நல்லாத்தான்டி வேலை செய்யுது."