சட வாயு

குழந்தை பிறக்கும்போது சடம் என்கிற வாயு அதைத் தீண்டுகிறது. முன்னறிவு போய்விடுகிறது, அழுகை வருகிறது. வைஷ்ணவ மரபின் நம்பிக்கை இது. அந்த வாயுவைக் கோபித்து விரட்டியதால் நம்மாழ்வார் சடகோபர். அவர் அழவில்லை, பால் குடிக்கவில்லை. குருகூர்ப் புளியமரத்தடியில் 16 வருஷம் மௌனம்.

கர்ப்போபநிஷதத்திலும் கருவிலிருக்கும் சிசுவுக்குப் பழைய பிறவிகள் ஞாபகமிருக்கின்றன. வெளியே வந்ததும் ஒரு காற்றுப் பட்டு மறந்துபோகிறது. அங்கே அதன் பெயர் வைஷ்ணவ வாயு! விஷ்ணுவின் காற்றை விரட்டியவரே ஆழ்வார்களில் தலையானவர் என்பதை நம் உபன்யாசகர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

1807இல் அச்சான தன் நீண்ட கவிதையில் வேர்ட்ஸ்வொர்த் இந்த மறதியை இழப்பாகப் பார்த்தார். கல்லூரியில் எனக்கும் அது சரியென்றே பட்டது. பிறகு என் மகள் பிறந்தாள். பிரசவ அறைக்கு வெளியே நின்றிருந்தேன். பிறந்துவிட்டது என்றார்கள், சத்தம் வரவில்லை. நர்ஸ் உள்ளங்காலைத் தட்டிக்கொண்டிருந்தாளாம். என்ன ஞானம் இருந்தாலும் தொலையட்டும், அழுதால் போதும் என்று நின்றேன், பூர்வ ஜன்மத்தில் நம்பிக்கையில்லாத நான். அழுதாள்.

இப்போது அந்தக் கதையில் எனக்குத் தெரிவது ஆழ்வார் அல்ல, அவரைப் பெற்ற உடையநங்கை. 16 வருஷமும் அவள் காது புளியமரத்துப் பக்கமே இருந்திருக்கும்.