ஒரு நாளைக்கு ஒரு யூனிட்

மேற்குத் தாம்பரத்து வாடகை வீட்டில் எனக்கென்று இருப்பது அலமாரிக்கு மேலே இரண்டடி இடம். என் சர்வர் அங்கேதான் ஓடுகிறது. ஏதோ அலுவலகம் கழித்துவிட்டு, ரிச்சி தெருவுக்கு வந்த பழைய கணினி. 32 ஜிபி ரேம். பிராக்ஸ்மாக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டதும், ஒரே பெட்டிக்குள் ஐந்து கணினிகள் தனித்தனியாக இயங்குகின்றன. குழந்தைக்காக வேலையை விட்டு ஆறு வருடமான பிறகு, திரும்பிப் போக நான் போட்டுக்கொண்ட வழி இது.

வீட்டில் வந்த முதல் கேள்வி, "கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?" 40 வாட், 24 மணி நேரம்: நாளுக்கு ஒரு யூனிட்கூட இல்லை. இரவெல்லாம் ஓடும் ஏசிக்கு இந்தக் கணக்கை யாரும் கேட்டதில்லை.

மாற்றம் எதையும் செய்யும் முன் ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்தால், எது கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ரேடியோவைப் பிரித்துப்போட்ட பையன் கெட்டிக்காரன், பெண் தொட்டால், "கையை வச்சுக்கிட்டுச் சும்மா இரு." கெடுத்துப் பார்த்துக் கற்கும் உரிமை எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

தொடங்க 8 ஜிபி உள்ள பழைய லேப்டாப் போதும், தோழிகளே. பயாஸில் விர்ச்சுவலைசேஷனை இயக்குங்கள். ரூட் கடவுச்சொல் உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.