கோயிலுக்கா, மவுஸ் பேடுக்கா?

பூந்தமல்லியில் பஸ் ஏறினால் செம்பரம்பாக்கம், தண்டலம் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை வருகிறது. 1998-ல் சான்ட்ரோ கார் வெளிவந்த இடம். அங்கிருந்து சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள்தான். ஸ்ரீபெரும்புதூரில் இறங்க எழுந்தபோது, "கோயிலுக்காம்மா?" என்றார் பக்கத்து சீட் பெரியவர். 1017-ல் ராமானுஜர் அவதரித்த ஊராயிற்றே, நரைத்த தலையோடு ஒருத்தி தனியாக வந்தால் வேறெதற்கு? மவுஸ் பேட் வாங்க வந்தேன் என்று எப்படிச் சொல்வது! தலையாட்டி வைத்தேன்.

அக்காவின் பெரிய மகனுக்கு இங்கே ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. நான்கு பேர் தங்கும் தகரக் கூரை அறை. அதில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர். ஞாயிறு மாலை, கோவில்பட்டியில் காலேஜ் படிக்கும் தம்பியோடு சேர்ந்து வேலோரன்ட் ஆடுவான். பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா இல்லை என்று அக்காவிடம் நான்தான் சத்தியம் செய்திருக்கிறேன். ஆட்டத்தைவிடப் பேச்சுதான் அதிகம். அம்மாவின் முட்டிவலி, செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பேசி முடிவாகும். போன மாதம் தம்பி சொல்லிவிட்டான்: "அண்ணே, நீ திரும்புறதுக்குள்ள சுட்டுர்றாங்க. நான் வேற டீம்ல சேர்ந்துக்கிறேன்."

அறைக்குப் போய்ப் பார்த்தால், மவுஸுக்கு அடியில் பள்ளிக்கூடப் பரீட்சை அட்டை! மேலே பளபளவென்று நடிகர் படம் வேறு. மவுஸுக்குள் ஒரு சின்ன விளக்கும் கேமராவும் இருக்கின்றன. நொடிக்கு ஆயிரக்கணக்கான படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று அது கண்டுபிடிக்கிறது. பளபளப்பில் அதற்குக் கண் கூசுகிறது, குறி எகிறுகிறது. போதாததற்கு அட்டையின் அகலம் 24 சென்டிமீட்டர். செய்தித்தாளை விரித்து, "ஆட்டத்துல ஒரு முழுச் சுற்று திரும்புடா" என்றேன். மவுஸ் 40 சென்டிமீட்டர் ஓடியது. அட்டையில் ஆடும்போது பாதித் திருப்பத்தில் மவுஸைத் தூக்கி வைத்திருக்கிறான். அந்த நேரத்தில்தான் சுட்டிருக்கிறார்கள்.

மேசை மூன்றடி. கீபோர்டு போக மிச்சம் 45 சென்டிமீட்டர். அந்த அளவுக்குச் செய்தித்தாளைக் கத்தரித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினோம்.

இந்த வட்டாரத்தைப் பற்றி எனக்கு ஒரு வியப்பு. செயின்ட் கோபேன் இங்கே கண்ணாடி செய்கிறது. ஒரகடத்தில் அப்போலோ டயர் செய்கிறது. 2006-ல் வந்த நோக்கியா 2014-ல் மூடிப் போனாலும், சுங்குவார்சத்திரத்தில் பாக்ஸ்கான் ஐபோன் பூட்டுகிறது. கண்ணாடியும் ரப்பரும் எலக்ட்ரானிக்ஸும் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் முதல் கடையில் கிடைத்தது உள்ளங்கை அகலப் பேடுதான்.

இரண்டாவது கடையில் மூன்று ரகம் எடுத்துப் போட்டார்கள். ஓரத்தில் வண்ண விளக்கு எரியும் பேடைப் பையன் ஆசையாகப் பார்த்தான். விளக்குக்குக் கொடுக்கும் காசு குறிக்கு உதவாது என்று நகர்த்தி வைத்தேன். கண்ணாடி பேட் அங்கே இல்லை. இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். மவுஸ் தடம் பிடிக்கும்படி பொடிப்பொடியாகச் சொரசொரப்பு ஏற்றிய கண்ணாடி அது. வியர்வையைக் குடிக்காது, வேகமாக வழுக்கும். ஆனால் விலை அதிகம், மவுஸின் அடியில் இருக்கும் வழுக்குப் பட்டைகளும் சீக்கிரம் தேயும். 90 சென்டிமீட்டர் துணிப் பேடை விரித்தால் மற்ற மூவருக்கும் தட்டு வைக்க இடமிருக்காது.

எடுத்தது 45-க்கு 40 துணிப் பேட், அடியில் ரப்பர். அதையும் சும்மா எடுக்கவில்லை. கடை மேசையில் வைத்து ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. சுருட்டி விட்டேன், ஓரம் தூக்காமல் படிந்தது. தையல் துணி மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா என்று மணிக்கட்டைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். மேலே துருத்தினால் ஒரே வாரத்தில் தோல் சிவந்துவிடும். ரப்பர் வாடை கொஞ்சம் இருந்தது, இரண்டு நாள் காற்றாட வைத்தால் குறையும். "சேலை எடுக்கிற மாதிரி எடுக்கறீங்களே சித்தி" என்றான்.

ஐந்நூறு ரூபாயில் மீதியும் வந்தது.

ஒன்று மட்டும் சொல்லி வைத்தேன். தகரக் கூரைப் புழுக்கத்தில் துணி வியர்வையைக் குடித்து மவுஸை இழுத்துப் பிடிக்கும். மாதம் ஒருமுறை சோப்பு நீரில் மென்மையாக அலசு, முறுக்கிப் பிழியாதே, நிழலில் காய வை. மணிக்கட்டுக்கு அடியில் கைக்குட்டை மடித்துப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

பெரியவரிடம் தலையாட்டியது பொய்யாகிவிடக் கூடாதே என்று ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் போன் செய்தேன். நாலைந்து மணி அடித்த பிறகு எடுத்தான். பின்னால் சின்னவன் குரல் கத்திக்கொண்டிருந்தது: "அண்ணே, இடது பக்கம், இடது பக்கம்!"

"சித்தி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.