அயலூரில் ஓர் ஓட்டுநரின் நற்சான்று

ஊர் மாறுகிறவர்கள் எடுத்துச் செல்லும் காகிதங்களுக்கு ஒரு வரிசை உண்டு: பட்டச் சான்று, மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்று, பரிந்துரைக் கடிதம். பல ஆண்டுகளாக யார்மீதும் மோதாமல் வண்டி ஓட்டியதற்கும் ஒரு சான்று வேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. நடக்காத ஒன்றுக்குச் சான்று எதற்கு என்று நினைப்பது இயல்பே. ஆனால் கார் காப்பீட்டில் விலை இருப்பது நடக்காத அந்த ஒன்றுக்குத்தான். அதை மெய்ப்பிக்க முடியாதவர் எவ்வளவு நிதானமானவராக இருந்தாலும் புதியவர் என்ற வகுப்பில் வைக்கப்பட்டு, அந்த வகுப்புக்குரிய கட்டணத்தைச் செலுத்துகிறார்.

மதுரையில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஓர் ஆய்வாளர் இந்த விலையை இரண்டு முறை கொடுக்க நேர்ந்தது. முதல் முறை கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில். இரண்டாம் முறை ஐதராபாத்தின் ஜீடிமெட்லாவில்.

முதுமுனைவர் ஆய்வுக்காக ஒன்றாரியோ சென்றபோது அவரிடம் எட்டு ஆண்டுப் பழமையுள்ள இந்திய ஓட்டுநர் உரிமம் இருந்தது. அதை நேரடியாக உள்ளூர் உரிமமாக மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அந்த மாகாணத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே இல்லை. தேர்வு எழுதி, சாலைச் சோதனையிலும் தேற வேண்டும். முந்தைய அனுபவம் முழுவதும் கணக்கில் வர வேண்டுமானால், உரிமம் வழங்கிய அலுவலகத்தின் கடிதமோ தூதரகத்தின் சான்றோ வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. எனவே காப்பீட்டு நிறுவனங்களின் பார்வையில் அவர் நேற்றுத்தான் ஸ்டியரிங்கைத் தொட்டவர்.

அவர் வாடகைக்கு இருந்த ஸ்கார்பரோ வீட்டின் உரிமையாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே பல்லாண்டுகளாக வாழ்கிற ஓர் அம்மையார். அவர் சொன்ன அறிவுரை ஒன்று எந்தக் கையேட்டையும் விடப் பயன்பட்டது. "பிள்ளை, வாகனத்தை வாங்கிப்போட்டு இன்சூரன்ஸ் விலை கேக்காதேயும். விலையைக் கேட்டுப்போட்டு வாகனத்தை வாங்கும்." காரின் மாதிரி, அது திருடப்படும் வாய்ப்பு, உதிரிபாகங்களின் விலை, வசிக்கும் பகுதியின் அஞ்சல் குறியீடு ஆகிய அனைத்தும் கட்டணத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் இது வெறும் சிக்கனப் புத்தி அன்று, அந்தத் தொழிலின் அடிப்படையை அறிந்தவரின் சொல்.

ஆய்வாளர் அப்படியே செய்தார். மூன்று மாதிரிகளுக்குக் கட்டணம் கேட்டறிந்த பிறகே பழைய கார் ஒன்றை வாங்கினார். பனிக்கால டயர் பொருத்தினார். ஒன்றாரியோவில் 2016 ஜனவரி 1 முதல் பனிக்கால டயருக்கு எல்லா நிறுவனங்களும் தள்ளுபடி தந்தாக வேண்டும். விபத்து நேர்ந்தால் தாமே ஏற்கும் தொகையைச் சற்று உயர்த்திக்கொண்டார். பிறகு மூன்று ஆண்டுகள் ஒரு கோரிக்கையும் இன்றி ஓட்டினார். நாடு திரும்புமுன் நிறுவனத்திடம் ஒரு கடிதம் கேட்டு வாங்கினார். பாலிசி எண், தொடங்கிய நாள், முடிந்த நாள், கோரிக்கைகளின் எண்ணிக்கை பூஜ்யம். நான்கே வரிகள். வந்தபோது இல்லாத காகிதத்தைப் போகும்போது அவர் மறக்கவில்லை.

ஜீடிமெட்லா ஐதராபாத்தின் வடபகுதியில் உள்ள பழைய தொழிற்பேட்டை. மருந்து, வேதிப்பொருள் ஆலைகள் நிறைந்த இடம். அங்குள்ள ஒரு நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் பணியில் சேர்ந்தார். அதே வேளையில் மதுரையில் அவருடைய தந்தை கண் அறுவைக்குப் பின் கார் ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். நான்கு ஆண்டு ஓடிய, 1,197 சிசி எஞ்சின் கொண்ட கார் அது. மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்பது குடும்பத்தின் முடிவு. கணக்கு அங்கேதான் சிக்கலாயிற்று.

இந்தியாவில் கார் காப்பீட்டின் கட்டணம் இரண்டு துண்டுகளால் ஆனது. ஒன்று, பிறருக்கு நேரும் தீங்குக்கான மூன்றாம் தரப்புக் காப்பீடு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இதன் கட்டணத்தை அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி 1,000 சிசி வரையிலான தனியார் காருக்கு 2,094 ரூபாய், 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்த நிறுவனத்திடம் போனாலும் இந்தத் துண்டு மாறாது. பேரம் பேசுவதில் பயனில்லை. மற்றொன்று, சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பு. 2007 ஜனவரி 1 முதல் இதன் விலையை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. தள்ளுபடி, ஒப்பீடு, சிக்கனம் எல்லாம் இந்தத் துண்டுக்குள் மட்டுமே நடக்கும்.

இந்த இரண்டாம் துண்டில் மிகப் பெரிய தள்ளுபடி 'நோ கிளெய்ம் போனஸ்'. கோரிக்கை இல்லாத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காடு. பிறகு 25, 35, 45. ஐந்தாம் ஆண்டில் 50. தந்தை 50 விழுக்காட்டில் இருந்தார். கார் கைமாறினால் அதுவும் மகளுக்கு வரும் என்று இருவரும் நம்பியிருந்தனர். ஆனால் அந்தப் போனஸ் காருக்கு உரியதன்று, காப்பீடு செய்த மனிதருக்கு உரியது. பெயர் மாறிய அன்றே அது காரை விட்டு நீங்கிவிடும். தந்தை மூன்று ஆண்டுகளுக்குள் வேறு கார் வாங்கினால் அவருக்கே அது பயன்படும். அவரோ இனி ஓட்டப் போவதில்லை. காப்பீடு செய்தவர் இறந்து, வண்டி துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ பெற்றோருக்கோ செல்லும்போது மட்டுமே அந்தப் போனஸ் கைமாறலாம் என்கிறது விதி. மகள் இதைத் தொலைபேசியில் விளக்கியபோது தந்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார். "அப்ப அந்தத் தள்ளுபடி உனக்கு வரணும்னா நான் போய்ச் சேரணும். வேணாம்மா, இப்போதைக்கு நீயே கட்டிக்கோ."

கார் தந்தையின் பெயரிலேயே இருக்கட்டும் என்றும் ஒரு யோசனை எழுந்தது. உரிமையாளரின் ஒப்புதலோடு, செல்லுபடியாகும் உரிமம் உள்ள யார் ஓட்டினாலும் இந்தியப் பாலிசி செல்லும். ஆனால் ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் இருந்தால், அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும் என்பது சட்டத்தின் 47ஆம் பிரிவு. அதற்கு மதுரை அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். தெலங்கானாவில் வரி கட்ட வேண்டும். உரிமையாளருக்கு அங்கே முகவரியும் வேண்டும். எனவே பெயர் மாற்றமே நேர்வழி என்று முடிவாயிற்று. கார் கைமாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் அவர் தவறவிடவில்லை.

இனி அவருடைய சொந்தக் கணக்கு. முதலில் பேசிய முகவர், கனடாக் கடிதத்தைப் பார்த்து, "மேடம், வெளிநாட்டுக் காகிதம் இங்கே செல்லாது" என்றார். ஆய்வாளர் ஆய்வுக்கூடப் பழக்கத்தில் மூலத்தைத் தேடினார். 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிநூலில் 27ஆம் பொதுவிதி இருக்கிறது. வெளிநாட்டில் ஈட்டிய போனஸுக்குச் சான்று காட்டினால், அந்தப் பாலிசி முடிந்த மூன்று ஆண்டுகளுக்குள் இந்தியாவில் எடுக்கும் பாலிசிக்கு அதை அளிக்கலாம் என்கிறது அது. அந்த விதியைக் காட்டியபின் ஒரு நிறுவனம் மறுத்தது, இன்னொன்று ஏற்றது. மூன்று ஆண்டுகளுக்கான 35 விழுக்காடு கிடைத்தது. காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் தலைமையகம் அதே ஐதராபாத்தின் நானக்ராம்கூடாவில் இருக்கிறது. நகரின் ஒரு கோடியில் அமைந்திருக்கும் ஆணையம் மேற்பார்க்கும் தொழிலின் விதி, மறுகோடியின் முகவரை எட்டாமல் இருந்தது.

அதன் மதிப்பு எவ்வளவு? எடுத்துக்காட்டாக, சொந்தச் சேதக் காப்பின் கட்டணம் 9,000 ரூபாய் என்று கொள்ளலாம். போனஸ் இல்லையெனில் மூன்றாம் தரப்புக் கட்டணத்துடன் 12,416 ரூபாய். 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறத்தாழ 14,651. போனஸ் 35 விழுக்காடு எனில் 10,934. நான்கு வரிக் கடிதம் மிச்சப்படுத்தியது 3,717 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் இது கூடும். அதனால்தான் சிறு கீறலுக்கு இழப்பீடு கேட்பதற்கு முன் கணக்கிட வேண்டும் என்பார்கள். இரண்டாயிரம் ரூபாய்ச் செலவுக்காகக் கோரிக்கை வைத்தால், படிப்படியாக ஏறிய போனஸ் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யத்துக்கு இறங்கும். பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் அப்படியே.

வேறு வழிகளும் உண்டு. தாமாக ஏற்கும் தொகையை உயர்த்தினால் கட்டணம் குறையும். பழைய விதிநூலின் அளவுப்படி 5,000 ரூபாய்க்கு 25 விழுக்காடு, உச்சம் 1,500 ரூபாய். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பு, தனிப் பாலிசியாக ஏற்கெனவே இருந்தால் அதை மீண்டும் வாங்க வேண்டியதில்லை. 2022 ஜூலை முதல் ஓட்டும் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் செலுத்தும் இணைப்புகளுக்கும் அனுமதி உண்டு. வீட்டுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நான்கு கிலோமீட்டர் மட்டுமே உள்ளவருக்கு இது பொருந்தும்.

சிக்கனம் போலத் தோன்றும் பொறிகளும் உண்டு. பிறர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கான வரம்பை 7.5 லட்சம் ரூபாயிலிருந்து 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. அதனால் தனியார் காருக்கு மிஞ்சுவது ஆண்டுக்கு 100 ரூபாய். ஒரு தேநீர்க் கடையின் முகப்பை இடித்தால் போதும், அந்த நூறு ரூபாயின் உண்மை விலை தெரியும். காரின் காப்பீட்டு மதிப்பைக் குறைத்து எழுதினாலும் கட்டணம் இறங்கும். கார் திருடுபோனால் கையில் கிடைப்பதும் அதே அளவு இறங்கும்.

ஜீடிமெட்லாவுக்கு உரிய பொறி தண்ணீர். அங்குள்ள ஃபாக்ஸ் சாகர் ஏரி 2020 அக்டோபர் பெருமழையில் நிரம்பி வழிந்தபோது, அருகிலுள்ள உமாமகேஸ்வரா காலனி பல நாட்கள் வெள்ளத்தில் நின்றது. வெள்ளத்தால் நேரும் சேதம் சொந்தச் சேதக் காப்பில் அடங்கும். ஆனால் நீரில் நின்ற காரை இயக்க முயன்று எஞ்சின் கெட்டால், அதைப் பின்விளைவுச் சேதம் என்று நிறுவனங்கள் ஒதுக்கிவிடும். அதற்கு எஞ்சின் பாதுகாப்பு இணைப்பு தனியே வேண்டும். ஆய்வாளர் போனஸில் மிஞ்சியதில் ஒரு பகுதியை அந்த இணைப்புக்குச் செலவிட்டார். அவருடைய வீட்டுக் கார் நிறுத்தம் தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு நியாயக் கேள்வி இருக்கிறது. மனிதரை அவருடைய நடத்தையால் மதிப்பிடுவதாகச் சொல்லும் தொழில், அந்த நடத்தை எல்லை தாண்டியதும் ஏன் மறந்துவிடுகிறது? அமெரிக்காவின் பல மாநிலங்களில் கடன் வரலாறுகூடக் கார் காப்பீட்டின் விலையில் நுழைகிறது. கடன் வாங்கிப் பழக்கமில்லாத புதியவர் அங்கே அதற்கும் தண்டம் கட்டுகிறார். கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய் போன்ற மாநிலங்கள் அதைத் தடுத்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் வெளியிட்ட நெறியாணையில், கோரிக்கை வரலாற்றுச் சான்றுக்கு ஒரே வடிவம் வகுத்து, வேறு உறுப்பு நாட்டில் பெற்ற சான்று என்பதற்காக வேறுபாடு காட்டக் கூடாது என்றது. லிஸ்பனில் ஓட்டிய நிதானம் வார்சாவில் செல்லுபடியாகிறது. மதுரையில் ஓட்டிய நிதானம் டொரண்டோவை எட்டும் வழி இன்னும் தனிமனிதரின் கைப்பையைத்தான் நம்பியிருக்கிறது.

ஆகவே மேற்படிப்புக்கோ பணிக்கோ புறப்படும் மாணவர்கள் மூன்று காகிதங்களைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஓட்டுநர் உரிமம் முதலில் வழங்கப்பட்ட நாளைக் காட்டும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் சான்று ஒன்று. பாலிசிக் காலங்களும் கோரிக்கைகளின் எண்ணிக்கையும் குறித்த, நிறுவன முத்திரையுள்ள கடிதம் ஒன்று. காரை விற்றுவிட்டுப் போவதாயின் போனஸைத் தம் பெயரில் தக்கவைக்கும் சான்று ஒன்று. மூன்று ஆண்டுக்குள் திரும்பினால் அது உதவும். எல்லா நாட்டிலும் எல்லா நிறுவனமும் இவற்றை ஏற்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஏற்கும் ஒருவரைத் தேடிக் கேட்பதற்குக் கையில் ஏதேனும் இருக்க வேண்டும்.

மதுரைத் தந்தையின் 50 விழுக்காடு யாருக்கும் பயன்படாமல் மூன்று ஆண்டில் காலாவதியாகும். அவர் ஓட்டிய விதம் அப்படி ஆகாது. மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஒன்றாரியோக் கடிதத்தில் இருந்த பூஜ்யத்தில் அவருக்கும் பங்கு உண்டு.