கண்ணாடியைக் கழற்றிய பிறகு

ஜூன் 8, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டதும் முதலில் கெடுவது காகிதம். கார்ட்ரிட்ஜ் தாள் ஈரத்தைக் குடித்து நமுத்துப்போகிறது. 2பி பென்சில் பிடிப்பில்லாமல் வழுக்குகிறது. ரப்பரை அழுத்தினால் மேல்தோல் பஞ்சாக எழும்புகிறது. "பீரோவில் துணிக்கு நடுவே வை" என்கிறார் மாஸ்டர். அவர் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். மகாராஷ்டிர அரசு நடத்தும் எலிமெண்டரி, இண்டர்மீடியட் ஓவியத் தேர்வுகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்தே காலத்தைக் கழித்தவர். அந்தத் தேர்வுகளில் ஸ்டில் லைஃப் உண்டு, டிசைன் உண்டு. உருவப்படத்துக்கு என்று தனித் தாள் கிடையாது. அந்த ஏக்கம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைத் தன் வராந்தாவில் உட்கார வைக்கிறது போலும்.

அந்த வராந்தா இருப்பது புணே ஏரவாடாவில், நாக்பூர் சாளில். லட்சுமி நகரில் நம்பர் பிளேட் எழுதும் அண்ணன், கோட்டயத்து நர்ஸ் சேச்சி, ஐ.டி. கம்பெனிப் பெண், நான். பேச்சு பாதி இந்தி, பாதி மராட்டி. அண்ணனின் அப்பா வேலூர்ப் பக்கமிருந்து வந்தவர் என்பதால் எங்கள் இருவருக்குள் மட்டும் தமிழ்.

படத்தைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. மூல போட்டோ கவிழ்ந்தே இருக்கும். இந்த ஆளுக்கு என்ன வயது, வெளிச்சம் எந்தப் பக்கம், என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் போட்டோவைத் திருப்புவது. "நல்லாயிருக்கு" என்பதற்கு இங்கே மதிப்பில்லை. குறை சொல்கிறவர் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும்; எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்ல வேண்டும். "வலது கண் வெளிமுனை அரை நூல் இறங்கணும்" என்றால் அது குறை. "என்னவோ இடிக்குது" என்றாலும் மாஸ்டர் ஏற்றுக்கொள்கிறார். எங்கே இடிக்கிறது என்று தேடும் வேலை எல்லாருக்குமாகிவிடும்.

இன்று ஐ.டி. பெண்ணின் தாத்தா தொங்கினார். சேச்சி பார்த்ததும் "இவருக்கு மண்டை இல்லை" என்றார். கண்கள் மேலே ஏறியிருந்தன. தலையின் உச்சியிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண் வருவது சரிபாதியில். நம் மனசு முகத்தையே பார்ப்பதால் நெற்றிக்கு மேலுள்ள மண்டையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் ஸ்தபதிகளுக்கு இந்த மோசம் நேராது. அவர்கள் முக நீளத்தை ஒரு தாலமாக வைத்து உடம்பையே அளப்பவர்கள். முகத்தையும் நெற்றி, மூக்கு, மூக்கடி முதல் மோவாய் என்று மூன்று சம பங்காக்கித்தான் உளியை எடுப்பார்கள்.

ஜூன் 20, வெள்ளி

பண்டரிபுரம் போகும் பல்லக்கு யாத்திரை, ஞானேசுவரர் பால்கி, ஆளந்தியிலிருந்து விஷ்ராந்தவாடி வழியாக இன்று புணே வந்தது. ஆபீசுக்கு அரைநாள் லீவு. ஆளந்தி சாலையோரம் ஸ்கெட்ச் புத்தகத்தோடு நின்றேன். நடக்கிறவர்களை வரையும் கை எனக்கு இன்னும் வரவில்லை. டீக்கடை பெஞ்சில் யாத்திரை போகும் வாரகரிக் கிழவர் ஒருவர் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கோபிசந்தனம், நடுவில் கறுப்பாகப் புக்காப் பொடி, தலையில் வெள்ளைக் குல்லாய். கேட்டதும் சிரித்துத் தலையாட்டினார். டீ ஆறுவதற்குள் கோடு மட்டும் போட்டேன். போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன்.

மேகமூட்டத்தில் நிழலே இல்லை. மூக்கு எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டத் தோன்றுகிறது. முகத்தில் கோடு கிடையாது. தளம் திரும்பும் இடத்தில் கருமை மாறுவது மட்டும்தான் உண்டு.

ஜூலை 6, ஞாயிறு, ஆஷாட ஏகாதசி

மாஸ்டர் வீட்டில் விரதம், எங்களுக்கு சாபுதானா கிச்சடி. கிழவர் பண்டரிபுரம் போய்ச் சேர்ந்திருப்பார். அவர் படம் இங்கே கொடியில்.

மாஸ்டர் முதலில் படத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டார். குல்லாய் ஒரு பக்கம் வீங்கியிருந்தது உடனே தெரிந்தது. பிறகு போன் கேமராவில் இடவலமாகத் திருப்பிக் காட்டினார்; வாய் சாய்ந்திருந்தது. வரைகிறவன் கண் பழகிப்போய்ச் சாய்வை நேர் என்று ஒப்புக்கொண்டுவிடும். வரைந்ததைக் கண்ணாடியில் பார் என்று இத்தாலியில் ஆல்பெர்ட்டி 1435-லேயே எழுதிவைத்திருக்கிறார். தலைகீழ் வித்தைக்கு ஓர் எல்லை உண்டு. 1980-ல் இங்கிலாந்தில் பீட்டர் தாம்ப்சன் என்ற உளவியலாளர், மார்கரெட் தாட்சரின் போட்டோவில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டிக் கவிழ்த்து ஒட்டினார். படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் சாதாரணமாகத் தெரியும். நேராகத் திருப்பினால் கோரம். ஆக, அளவுப் பிழைக்குத் தலைகீழ், முகபாவத்துக்கு நேர்.

நேராக வைத்ததும் சேச்சி கிட்டே போய்க் கன்னத்தைத் தொட்டார். "இந்த அச்சனுக்குக் கடைவாய்ப் பல் இல்லை. நீங்கள் பல் கட்டி விட்டிருக்கிறீர்கள்." போட்டோவைத் திருப்பினோம். உண்மைதான். கன்ன எலும்புக்குக் கீழே குழி விழுந்து, உதட்டோரம் உள்ளே இழுத்திருந்தது. வார்டில் தினம் முதியவர்களின் வாயைத் துடைத்துவிடுகிறவர் கண்ணுக்கு அது தப்பவில்லை. 4பி-யால் குழியில் லேசாக இரண்டு அடுக்கு ஏற்றியதும் கிழவருக்குப் பத்து வயது கூடியது. அப்போதுதான் அவர் அவரானார்.

கிரேக்க ஓவியர் அப்பெல்லஸ் தன் படத்தைத் தெருவில் வைத்துவிட்டுப் பின்னால் ஒளிந்து நின்று போகிறவர் வருகிறவர் பேச்சைக் கேட்பாராம். செருப்புத் தைப்பவர் ஒருவர் செருப்பின் வாரில் குறை சொன்னார், அப்பெல்லஸ் திருத்தினார். மறுநாள் அதே ஆள் காலையும் குறை சொல்ல, செருப்போடு நிறுத்திக்கொள் என்றாராம். ரோமானிய ஆசிரியர் பிளினி எழுதிய கதை. லியனார்டோ டா வின்சி இன்னும் தாராளம்: ஓவியன் யார் சொல்வதையும் கேட்க வேண்டும், ஓவியம் தெரியாதவனுக்கும் மனுஷ உருவம் தெரியும் என்பது அவர் கட்சி. எங்கள் வராந்தா லியனார்டோ கட்சி.

ஜூலை 27, ஞாயிறு

உயிரோடு உட்காரும் ஆளை வரையும் நாள். அண்ணன் உட்கார்ந்தார், நான் வரைந்தேன். முடித்துத் தொங்கவிட்டதும் அவர் எழுந்து வந்து பார்த்தார்.

"ஏன் தம்பி, நான் இவ்வளவு செவப்பா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தக் கேள்வி அடங்கவில்லை. மூக்கு சரி, கண் சரி, இடைவெளி சரி. நிறம் மட்டும் தாளின் நிறம். கன்னத்தில் பென்சிலை அழுத்த என் கை கூசியிருக்கிறது. ஆர்டர் எடுத்துப் பென்சில் படம் போடுகிறவர்களிடம் பார்த்திருக்கிறேன்: "கொஞ்சம் கலரா போடுங்க" என்று வீட்டார் கேட்பார்கள், அவர்களும் ஒரு சாயம் வெளுத்துத்தான் கொடுப்பார்கள். மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் எத்தனை அப்பாக்கள் தங்கள் வாழ்நாளில் இல்லாத நிறத்தோடு தொங்குகிறார்கள்!

மாஸ்டர் செய்முறை காட்டினார். கறுத்த தோலுக்கு முதலில் முகம் முழுக்க 2பி-யால் ஒரே சீரான சாம்பல் அடுக்கு. காகிதத்தின் வெள்ளை எங்கும் மிஞ்சக் கூடாது. அதன்மேல் 4பி, 6பி. கடைசியில் நீடபிள் ரப்பரைக் கூராகப் பிசைந்து நெற்றி மேடு, மூக்கு நுனி, கீழுதடு மூன்றிலும் மட்டும் ஒத்தி எடுப்பது. கறுப்புத் தோலில் வெளிச்சம் சின்னதாக, கூர்மையாக விழுகிறது. சிவந்த தோலில் பரவிக் கரைகிறது. கண்ணின் வெள்ளையையும் வெள்ளையாக விடக் கூடாது. மேல் இமையின் நிழல் அதில் விழும். விட்டால் கண் பிதுங்கிக்கொண்டு வரும்.

கும்பகோணம் பக்கத்து ஊர்க்காரர் ஓவியர் இளையராஜா, 2021-ல் கொரோனாவில் போனவர், நம் கிராமத்துப் பெண்களின் கறுப்பை அந்தக் கறுப்பாகவே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். போனில் அந்தப் படங்களைக் காட்டினேன். அண்ணன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அடுத்த வாட்டி என்னை இப்படிப் போடு" என்றார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

செப்டம்பர் 24 வருகிறது. 1932-ல் அன்றுதான், இங்கிருந்து நடக்கிற தூரத்திலுள்ள ஏரவாடா சிறையில் புணே ஒப்பந்தம் கையெழுத்தானது. காந்தி செப்டம்பர் 20 முதல் உண்ணாவிரதம். தாழ்த்தப்பட்டோருக்குப் பிரிட்டிஷார் அறிவித்த தனித்தொகுதி போய், பொதுத்தொகுதியில் 148 இடங்கள் ஒதுக்குவதென்று முடிவு. அதில் சம்பந்தப்பட்டவர்களின் முகங்களை வரைந்து அன்று வராந்தாவில் மாட்டலாம் என்றார் மாஸ்டர். எல்லாரும் காந்தியும் அம்பேத்கரும் வரைந்து வந்தோம். எல்லாமே பார்த்ததும் அடையாளம் தெரிந்தன.

மாஸ்டர் காகிதப் பட்டை வெட்டி ஒவ்வொரு படத்திலும் கண்ணாடியை மறைத்தார். காந்திகளில் பாதிப் பேர் யாரோ ஒரு மொட்டைத்தலைப் பெரியவர் ஆகிவிட்டார்கள். அம்பேத்கர்களில் ஒருவர் பேங்க் மேனேஜர். வட்டக் கண்ணாடி இருக்கிற தைரியத்தில் அதற்கு அடியிலிருக்கும் முகத்தை யாரும் பார்க்கவில்லை. சேச்சி வரைந்த காந்தி மட்டும் காந்தியாக நின்றார்: கீழே இறங்கிய மூக்கு நுனி, பல் போன வாயின் உள்வாங்கல், விரிந்த காது. எல்லாம் எலும்பிலும் சதையிலும் இருந்தது.

ஆனந்த விகடனில் கேலிச்சித்திரக்காரர் மாலி நாலு கோட்டில் ஆளைப் பிடித்துவிடுவார். ஓவியர்கள் சீனிவாசனையும் கோபாலனையும் புனைபெயர் சூட்டிச் சில்பியாகவும் கோபுலுவாகவும் ஆக்கியவர் அவர்தான். கேலிச்சித்திரத்துக்குக் கண்ணாடியும் மீசையும் கைமுதல். உருவப்படம் அந்தக் கைமுதலை நம்பினால் கடனில் முழுகும். இனி யாரை வரைந்தாலும் கண்ணாடியைக் கடைசியில் மாட்டுவது என்று தீர்மானம் போட்டோம்.

கிளம்பும்போது அண்ணன், "அந்த ஒப்பந்தத்துல தாத்தா கையெழுத்தும் இருக்கே, அவரை யாரும் போடலையா?" என்றார். இரட்டைமலை சீனிவாசனைச் சொல்கிறார். அண்ணனுக்கு அவர் எப்போதும் தாத்தாதான். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தவர். எம்.சி. ராஜா, ராஜாஜி கையெழுத்துகளும் அதில் உண்டு. தாத்தாவை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கணபதி மண்டப ஒலிபெருக்கிகளுக்கு நடுவே குறை சொல்ல வேண்டியிருந்தது. நல்லவேளை, இங்கே விரலால் தொட்டுக் காட்டுவதுதான் பாஷை.

தாத்தா படம் கிடைப்பது லேசாக இல்லை. தலைப்பாகை, கோட்டு, அச்சிலிருந்து அச்சு எடுத்து எடுத்து முகத்தின் இடது பாதி மையாகிவிட்ட பிரதி. கண்குழியில் ஒரு கறுப்புத் திட்டுதான் இருக்கிறது. அந்தத் திட்டுக்குள் கண்ணை நான் வைத்தேன்: இமை, பாவை, ஒளிப்புள்ளி எல்லாம்.

போட்டோ கவிழ்ந்திருந்தது. அண்ணன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, இது உன் கண்ணு." ஐ.டி. பெண்ணும் ஆமாம் என்றாள். இமையின் மடிப்பு வரைக்கும் என்னுடையதாம். ஓவியன் தன் சாயலையே எல்லா முகத்திலும் ஏற்றிவிடுவான், அதற்கு எதிராகக் காவலிரு என்று லியனார்டோ எச்சரித்தது நினைவுக்கு வந்தது. ஷேவ் செய்யும்போது தினம் பார்க்கிற கண். கைக்குத் தெரிந்ததும் அதுதான்.

"போட்டோவுல கறுப்பா இருந்தா கறுப்பாவே விடு. இல்லாததை எழுதினா பொய் நம்பர் பிளேட்" என்றார் அண்ணன். மாஸ்டர் அதை மராட்டியில் கேட்டு வாங்கி, தலையாட்டினார். ஒளிப்புள்ளியை நீடபிள் ரப்பரால் எடுத்தேன். இமைக்கோட்டைப் பேப்பர் ஸ்டம்பால் நிழலோடு தேய்த்துவிட்டேன். பார்வை எங்கேயும் போகவில்லை. தெரிகிற வலது கண்ணும், அதன்மேல் தலைப்பாகையின் பாரமும், தாடையின் இறுக்கமும் போதுமானதாக இருந்தன.

இன்னொன்றும் இன்று கவனித்தேன். ஐ.டி. பெண்ணின் ராஜாஜியில் காது முன்னால் வந்திருந்ததை நான்தான் சொன்னேன். போட்டோவைத் திருப்புவதற்கு முன்பே சொன்னேன். மற்றவர் படத்தில் இடம் காட்டிக் காட்டித்தான் இந்தக் கண் வந்திருக்கிறது. வீட்டில் தனியாக வரையும்போதும், கோடு போடும் கைக்குப் பக்கத்தில் இப்போது சேச்சி பல்லைப் பார்க்கிறார், அண்ணன் நிறத்தைப் பார்க்கிறார்.

செப்டம்பர் 24, புதன்

மாலையில் மாட்டினோம். கோட்டின் கருமைக்கு 8பி போட்டது ட்யூப்லைட்டில் பளபளவென்று மின்னி, சேச்சியிடம் திட்டு வாங்கினேன். கிராஃபைட்டை அழுத்த அழுத்த ஈயம் மாதிரிப் பளபளக்கும், ஆழமான கறுப்புக்குக் கரி பென்சில்தான். கோட்டை மறுபடி போட வேண்டும்.

படங்களுக்குக் கீழே பெயர் எழுதுவது அண்ணன் பொறுப்பு. தமிழிலும் மராட்டியிலும் பெரிதாக எழுத பிரஷ்ஷோடு வந்தவரை மாஸ்டர் தடுத்தார்: பார்க்கிறவர்கள் முகத்தை முடித்துவிட்டுப் பெயருக்கு வரட்டும். அண்ணனுக்கு அது தொழிலுக்கே விரோதம். தூரத்திலிருந்து படிக்க முடியாத எழுத்தை அவர் எழுதியதே இல்லை. முனகிக்கொண்டே விரல் நகம் உயரத்தில் எழுதினார்.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். காந்தியையும் அம்பேத்கரையும் தூரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். தாத்தாவிடம் நின்றார்கள். இது யார், போலீஸ் அதிகாரியா, எந்த ஊர், ஏன் ஒரு கண் தெரியவில்லை என்று கேட்டுக் குனிந்து பெயரைப் படித்தார்கள். அண்ணன் ஒவ்வொருவருக்கும் சளைக்காமல் சொன்னார். எட்டு மணிக்கு மேல் அவரே என்னிடம் வந்து, "எழுத்து சின்னதா இருந்தது சரிதான். ஆனா காது இன்னும் ஒரு நூல் பின்னால போகணும்" என்றார். அளந்து பார்த்தேன், போகத்தான் வேண்டும். கோட்டோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமை திருத்த வேண்டும். அதற்குள் எம்.சி. ராஜாவின் தெளிவான போட்டோ ஒன்று தேட வேண்டும்; அவரை ஐ.டி. பெண் கேட்டிருக்கிறாள்.