ஆறாம் நம்பர் ரவை கற்பித்த பாடம்

பறவை சுட்டவன் நான். அந்தமானுக்குப் பறவை பார்க்க வரும் இளைஞர்களிடம் இதைச் சொன்னால் முகம் மாறிவிடும். மாறினாலும் பரவாயில்லை என்றுதான் சொல்கிறேன். இந்தத் தீவுகளின் பறவைகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மூன்று கேள்விகளிலிருந்து வந்தது. எந்தப் பறவைக்கு எந்தத் தோட்டா? எவ்வளவு தூரத்தில் சுடலாம்? எப்போது சுடவே கூடாது? சட்டம் அனுமதித்த காலத்தில், உரிமத்தோடு, இந்தக் கேள்விகளை வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டவன் நான். துப்பாக்கி கையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. அது கற்றுக்கொடுத்தது போகவில்லை.

அறுபதுகளின் கடைசியில் அரசு வேலைக்காக மெட்ராஸில் கப்பல் ஏறிப் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தேன். அப்பாவிடமிருந்து என் பெயருக்கு உரிமம் மாற்றிய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் கூட வந்தது. வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது ஒரு குரல். காராச்சர்மா பக்கம் புல் மண்டிய மேட்டுச் சரிவில், விடியற்காலையில், எங்கள் ஊர்க் கரிசல் காட்டில் கேட்ட அதே கவுதாரிக் குரல்! கடல் தாண்டி எப்படி வந்தது? வெள்ளைக்காரர்கள் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். புள்ளிமானும் அப்படிக் கொண்டுவரப்பட்டதுதான். புலியும் சிறுத்தையும் இல்லாத காட்டில் அது பெருகித் தீவுக்குத் தீவு பரவிவிட்டது.

வேட்டையில் எனக்கு ஆசானாக வாய்த்தவர் பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பத்துக்காரர், கட்டுமான வேலையில் ஓவர்சியர். ஓவர்சியர் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பர்மாக் காடுகளில் காட்டுக்கோழி சுட்டுப் பழகியவர். என் தோட்டாப் பெட்டியைத் திறந்து பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, எதைச் சுடறதுக்கு இது?" என்பதுதான். எல்லா நம்பரும் கலந்து கிடந்தன. எல்லாவற்றையும் தரையில் கொட்டி, வரிசை கட்டச் சொன்னார்.

12 போர் என்றால் குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்று பொருள். பறவைக்கு ஒற்றைக் குண்டு உதவாது; ஒரே தோட்டாவில் நிறைய அடங்கும் சிறு குண்டுகளான ரவை வேண்டும். நம்பர் ஏற ஏற ரவை சிறுக்கும். நம் நாட்டில் புழங்கும் பிரிட்டிஷ் கணக்குப்படி ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்தில், எல்ஜி என்றால் 6 குண்டு, எஸ்ஜி என்றால் 8. இவை பன்றிக்கும் மானுக்கும் உரியவை. நம்பர் 4 சுமார் 170 ரவை, நம்பர் 6 சுமார் 270, நம்பர் 8 சுமார் 450. புனே பக்கம் கட்கி அரசுத் தொழிற்சாலையில் செய்த தோட்டாக்களும், அரிதாக ஏலி கம்பெனியின் சீமைத் தோட்டாக்களும் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டுக் கடைகளிலிருந்து கப்பலில் வரும். வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று உரிமப் புத்தகத்தில் எழுதியிருக்கும். வாங்க வாங்கக் கடைக்காரர் அதில் பதிந்து கொடுப்பார்.

பெரிய ரவை வலுவானது, ஆகவே அதுவே நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அண்ணன் வாயால் விளக்கவில்லை. பழைய செய்தித்தாள்களைப் பசை போட்டு ஒட்டி, கயிறும் கரியும் கொண்டு முப்பது அங்குல வட்டம் போட்டு, நாற்பது கஜத்தில் நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு குழலிலும் ஒவ்வொரு நம்பரையும் சுட்டுப் பார்த்தோம். வாய் திறந்த குழல் தன் ரவையில் ஏறக்குறைய நாற்பது சதவீதத்தை அந்த வட்டத்துக்குள் போடும். முழுச் சோக் வைத்து வாய் குறுக்கிய குழல் எழுபது சதவீதம் போடும். பிறகு கவுதாரி அளவுக்கு அட்டையை வெட்டி என் கையில் கொடுத்து, வட்டத்துக்குள் இங்கே வை, அங்கே வை என்றார். நம்பர் 4 சுட்ட தாளில் அந்த அட்டை முழுதாக உட்காரும் இடைவெளிகள் இருந்தன. குறி சரியாக இருந்தும் பறவை தப்பிவிடும், அல்லது ஒரே ஒரு ரவை வாங்கிக்கொண்டு பறந்துவிடும். நம்பர் 8 தாள் சல்லடை போல நெருக்கமாக இருந்தது. ஆனால் அத்தனை சிறிய ரவை தூரம் போகப் போகச் சீக்கிரம் வேகமிழக்கும், இறகைக் கடந்து உள்ளே இறங்காது. நம்பர் 6 தாளில் அட்டையை எங்கே வைத்தாலும் நாலைந்து ரவை பட்டிருந்தது. முப்பது கஜத்துக்குள் கால் கிலோ எடையுள்ள பறவையை வலி நீடிக்காமல் வீழ்த்த அந்த நாலைந்து வேண்டும்.

"விழுந்ததை எண்ணாதே தம்பி. அடிபட்டுப் போனதை எண்ணு" என்று அன்று சொன்னார். எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது.

மீதியைப் புரியவைத்தது ஒரு புறா. சாம்பல் உடம்பும் பச்சைச் சிறகுமாக அரைக் கிலோ எடையிருக்கும் பெரிய பச்சைப் புறா இங்கே உண்டு. பெரிய பெரிய காட்டுப் பழங்களை முழுதாக விழுங்கி, கொட்டையை வேறு இடத்தில் போட்டுக் காட்டை விதைக்கும் பறவை. ஒருநாள் அப்படி ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, மார்புச் சதையில், தோலுக்கு அடியில் கடினமாக ஏதோ தட்டுப்பட்டது. கீறிப் பார்த்தால் ஈய ரவை, நம்பர் 4. நான் சுட்டது 6. சுற்றிலும் சதை வெண்மையாக இறுகி, புண் ஆறி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. யாரோ ஒருவர் எட்டாத தூரத்தில், "பட்டால் படட்டும்" என்று விட்ட ரவை. அவர் அன்று வீட்டுக்குப் போய், "இன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை" என்று சொல்லியிருப்பார். அந்தப் புறாவோ ஈயத்தைச் சுமந்துகொண்டு பறந்துகொண்டிருந்தது. இது பிழைத்துக்கொண்டது. பிழைக்காதவை எத்தனை என்பது எந்த வேட்டைக்காரனின் கணக்கிலும் ஏறாது.

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது விழப்போகும் பறவையை மட்டும் பற்றிய காரியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அடிபட்டுத் தப்பிப் போகும் பறவைக்கு நாம் என்ன செய்கிறோம் என்பதும் அந்தத் தேர்வுக்குள்ளேயே இருக்கிறது. சரியான ரவை என்றால், சரியான தூரம் வரும்வரை விசையைத் தொடாத விரலும் அதோடு சேர்ந்ததுதான்.

அதன்பிறகு வேட்டைக்குப் போனால் சுடாமல் விட்ட தருணங்களே அதிகம். குர்ஜன் மரம் நூறு அடிக்கு மேல் நெடுநெடுவென்று வளரும். அதன் உச்சியில் உட்கார்ந்த புறா கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்; ரவைக்கு எட்டாது. பிரம்புப் புதருக்கு மேலே பறக்கும் பறவை விழுந்தால் முள்ளுக்குள் போய்விடும், தேடி எடுக்க முடியாது. எடுக்க முடியாத இடத்தில் சுடுவதில்லை என்பது அண்ணனின் சட்டம். கடைசியில் அதுவே என் சட்டமும் ஆயிற்று.

மழையும் ஒரு வாத்தியார். வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் ஊர் இது. அந்தக் காலத்துக் காகிதத் தோட்டா ஈரத்தில் ஊறிப் பெருத்துவிடும். குழலுக்குள் நுழையாது, நுழைந்தால் வெளியே வராது. பித்தளை அடியில் பச்சையாகக் களிம்பு ஏறும். மருந்து நமத்த தோட்டா சத்தம் போடும், ஆனால் ரவையைப் பாதி வேகத்தில்தான் தள்ளும். அதுவும் காயப்படுத்தி அனுப்பும் தோட்டாவே. ஆகவே தகர டின்னில், வறுத்த அரிசி முடிப்போடு வைத்து, வாரந்தோறும் எடுத்துத் துடைத்து, வீங்கியதையும் களிம்பு பிடித்ததையும் கழித்துவிடுவோம். ஒரு தோட்டாவின் விலை எங்களுக்குப் பெரிய பணம். ஆனாலும் கழித்தோம்.

ஈயத்தைப் பற்றிய இன்னொரு உண்மை எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. குறி தவறிய ரவையும் மண்ணில் சும்மா கிடப்பதில்லை. கவுதாரியும் வாத்தும் இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும். அதே அளவில் கிடக்கும் ஈய ரவையையும் கல்லென்று விழுங்கிவிடும். இரைப்பையில் ஈயம் தேய்ந்து இரத்தத்தில் கலக்க, பறவை மெலிந்து, தலை தொங்கிச் செத்துப்போகும். இதைக் கண்டுதான் அமெரிக்கா 1991இல் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை நாடு முழுவதும் தடை செய்தது. அங்கே எஃகு ரவைக்கு மாறினார்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகுக்கு 7.8 அளவுதான். அதனால் அதே வலு கிடைக்க இரண்டு நம்பர் பெரிய ரவை வேண்டும். பழைய துப்பாக்கியின் குறுகிய வாய்க்கு அது ஆகாது.

நம் நாடு அதே 1991இல் இன்னும் தூரம் போனது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கவுதாரி, புறா போன்ற சிறு வேட்டைக்கு உரிமம் கொடுக்க இடம் வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிமத்தையே எடுத்துவிட்டது. எங்களில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. தப்பிப் போனதை எண்ணிப் பழகியவனுக்கு, மொத்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தால் வேறு விடை வராது. துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்தேன்.

இந்தத் தீவுகளில் அந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. 1873இல் ஏ. ஓ. ஹியூம் இங்கே கப்பலில் வந்து பறவைகளைச் சேகரித்தார். பிற்காலத்தில் காங்கிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான். அக்காலச் சேகரிப்பாளர்கள் இறகு கெடாமலிருக்கச் சிறு பறவைகளைப் பொடி ரவையால் சுடுவார்கள். நார்கொண்டம் இருவாட்சியை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவரும் ஹியூம்தான். நார்கொண்டம் சுமார் ஏழு சதுர கிலோமீட்டரே உள்ள எரிமலைத் தீவு. அந்த இருவாட்சிக்கு உலகத்தில் வேறு வீடு கிடையாது. கவுதாரி இங்கே ஒன்று குறைந்தால் தமிழ்நாட்டில் ஆயிரமாயிரம் இருக்கின்றன. இங்கேயே பிறந்து இங்கேயே முடியும் பறவையில் ஒன்று அடிபட்டுப் போனால், அந்த இழப்பை ஈடுகட்ட வேறு கரை இல்லை.

2004 சுனாமியின்போது தெற்கு அந்தமானில் நிலம் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் நெல்வயல்களுக்குள் கடல் புகுந்து நிலைத்துவிட்டது. பயிர் போன வேதனை இன்றும் அங்குள்ள விவசாயிகளுக்கு ஆறவில்லை. அந்த உப்புத் தண்ணீரில் இப்போது அந்தமான் கிளுவை வருகிறது. இந்தத் தீவுகளையும் பக்கத்தில் பர்மாவின் கோகோ தீவையும் விட்டால் வேறெங்கும் இல்லாத வாத்து அது. சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம்.

அங்கே கேமராவோடு வரும் பிள்ளைகளிடம் என் ரவைக் கணக்கைச் சொல்கிறேன். எட்டாத தூரத்தில் படம் எடுக்க ஆசைப்பட்டுச் சேற்றில் இறங்கி, கூட்டத்தைக் கிளப்பிவிடாதீர்கள். லென்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு, அதற்குள் பறவை தானாக வரும்வரை காத்திருங்கள் என்கிறேன். கையில் ஏர்கன்னோடு திரியும் பையன்களிடம் இன்னும் கண்டிப்பாகப் பேசுகிறேன். விளையாட்டுத் துப்பாக்கி என்று சட்டம் பார்க்காது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவை என்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. அதைவிட முக்கியம், அந்தச் சின்னக் குண்டு பெரும்பாலும் கொல்லாது, காயப்படுத்தித்தான் அனுப்பும். அவர்களில் யாராவது, "நீங்கள் சுட்டீர்களே, தாத்தா?" என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். சுட்டேன். சுடுவதற்கு முன் எத்தனை யோசிக்க வேண்டும் என்று ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அந்த யோசனையைக் கடைசிவரை கொண்டுபோனால், இந்தத் தீவுகளின் பறவைக்கு ஏற்ற தோட்டா எதுவும் இல்லை என்ற முடிவுக்குத்தான் வர முடியும்.