கதவின் குடுமி

பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பாண்டியன் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, "குடுமி என்றால் என்ன?" என்று வகுப்பைக் கேட்டேன். குபீரென்று சிரிப்பு! உச்சந்தலையைத் தொட்டுக் காட்டினர் சிலர். பிள்ளைகளைக் குறை கூறேன். என் கண்முன்னும் அந்த உருவந்தானே நின்றது! கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் மட்டும், "கதவுக்கும் குடுமி உண்டு ஐயா" என்றான். மீண்டும் சிரிப்பு. தலை குனிந்துகொண்டான். குன்னூரில் தச்சுவேலை செய்பவரின் மகன் அவன்.

பட்டம் பெற்றவன் நான், பொருள் அறியேன். மாலையில் அவன் தந்தையின் பட்டறைக்குச் சென்றேன். மலைமேல் பங்களாக் கதவுகள் இரும்புக் கீலில் ஆடுகின்றன. அவர் சொன்னதோ சமவெளியில் தம் ஊர்ப் பழங்கதவு. ஓரப் பலகையின் மேல்முனையும் கீழ்முனையும் முளைபோல் நீண்டிருக்கும், அதுவே குடுமி. ஒட்டவைத்ததன்று, அதே மரத்தில் செதுக்கியது. மேற்குழி ஆழம் மிகுந்தது. கதவைத் தூக்கி மேற்குடுமியை அதில் செலுத்தி, மெல்ல இறக்கினால், கீழ்க்குடுமி தன் குழியில் அமரும். பாரமெல்லாம் கீழ்க்குடுமிக்கு, தேய்வதும் அதுவே. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்பார்கள். கதவின் குடுமியோ நாளெல்லாம் நமக்காகச் சுழல்கிறது, கூலியாகக் கேட்பது ஒரு சொட்டு எண்ணெய்!

அகராதியைப் புரட்டினேன். மயிர்முடி, பறவையின் கொண்டை, மலையுச்சி ஆகியவற்றோடு கதவின் குடுமியும் அங்கே இருந்தது. முனையில் எழுந்து நிற்பது என்பதே இச்சொல்லின் கரு என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் 2637 மீட்டர் உயர்ந்த நம் தொட்டபெட்டாவும் ஒரு குடுமியே. தலைமயிர் அதற்குத் தனியுரிமை கொண்டாடியது எப்படி?

1953-இல் இராசாசி ஆட்சியில், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொல்லும் திட்டம் வந்தது. குலக்கல்வி என்று கொதித்தெழுந்தது இயக்கம். 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. தச்சன் மகன் தச்சனாகவே இருக்க வேண்டும் என்னும் கொடுமை ஒழிந்தது நன்று. ஆனால் தச்சனின் சொல்லையும் பள்ளி வாயிலுக்கு வெளியே நிறுத்தியது யார்? அன்று என் வகுப்பில், நான்தான்.

மறுநாள் கரும்பலகையில் கதவொன்று வரைந்தேன். "மேற்குழி தப்பு ஐயா" என்றான் அவன். சுண்ணக்கட்டியை அவனிடம் கொடுத்தேன். அழித்துத் திருத்தினான். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "மேலே மட்டும் ஏன் ஆழம்?" என்று கேட்டாள். அவன் விளக்கத் தொடங்கினான். நான் அவன் இடத்தில் போய் அமர்ந்தேன்.